ரெல் 7-ஐ இருந்த இடத்திலேயே ரெல் 8 ஆக்குவது: திரும்பும் வழியிலிருந்து தொடங்கும் திட்டம்

சர்வர்களில் ஓடும் ஓஎஸ்ஸான ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் (சுருக்கமாக ரெல்) 7-க்கான வழக்கமான பராமரிப்பு 2024 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிந்தது. தனியாகப் பணம் கட்டினால் முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் சில காலம் கிடைக்கும். கட்டாதவர்களுக்கு, அதன் பிறகு வெளியே தெரியும் ஓட்டைகள் அடைபடப் போவதில்லை. அந்தத் தேதி நெருங்கியபோது என் பொறுப்பில் 43 சர்வர்கள் ரெல் 7-இல் ஓடிக்கொண்டிருந்தன. 24-ஐப் புதிதாகக் கட்டி மாற்றினோம். மீதி 19-ஐ அப்ளிகேஷனை நகர்த்தாமல், இருந்த இடத்திலேயே 8-க்கு ஏற்றினோம். அந்த 19-க்கும் எப்படித் திட்டம் போட்டேன், எங்கே தப்பாகப் போட்டேன் என்பதை எழுதுகிறேன். இன்னும் 7-இல் நிற்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

இதற்கு ரெட் ஹேட் தரும் கருவியின் பெயர் லீப். ரெல் 7-இன் இலவச வடிவமான சென்டாஸ் 7 வைத்திருப்பவர்களுக்கு அல்மாலினக்ஸ் குழுவின் எலிவேட் இருக்கிறது. அதற்கும் அடிப்படை லீப்தான் என்பதால் கீழே வருவதில் பெரும்பகுதி அவர்களுக்கும் பொருந்தும். 7-இலிருந்து நேராக 9-க்குத் தாவ முடியாது. 8-இல் இறங்கித்தான் 9-க்கு ஏற வேண்டும்.

எதை ஏற்றுவது, எதை விடுவது

சர்வர் பட்டியலைக் கையில் எடுத்து ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது இன்றைக்கு எரிந்து போனால், புதிதாகக் கட்ட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? சர்வர் அமைப்பைத் தானாகச் செய்து தரும் அன்சிபிள் மாதிரி ஏதாவது வைத்து அரை நாளில் கட்டிவிடலாம் என்றால் இந்த வேலையில் இறங்கவே வேண்டாம். புதிய சர்வரைப் பக்கத்தில் எழுப்பி, சோதித்து, ஐபியை மாற்றிக் கொடுங்கள். பழையது அணைத்தபடி அப்படியே நிற்கும். அதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு எதுவும் இல்லை.

மிச்சம் இருப்பவைதான் இந்தக் கட்டுரைக்கு உரியவை. நிறுவியவர் வேலையை விட்டுப் போய் ஆறு வருடமான சர்வர், மெஷினின் அடையாள எண்ணோடு லைசென்ஸைக் கட்டிப்போட்டிருக்கும் அப்ளிகேஷன், 'இன்ஸ்டாலர் இப்போது எங்களிடமே இல்லை' என்று விற்றவர்களே சொல்லிவிட்ட மென்பொருள், இப்படி.

டேட்டாபேஸ் இருந்தால் நிதானம் தேவை. ரெல் 7-உடன் வந்த போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் பதிப்பு 9.2. ரெல் 8-இல் இயல்பாகக் கிடைப்பது 10. லீப் பேக்கேஜை மாற்றும், டேட்டாவை மாற்றாது. 9.2 எழுதிய டேட்டா கோப்புறையை 10 திறக்கவே மறுத்துவிடும். மரியாடிபி 5.5-க்கும் 10.3-க்கும் நடுவிலும் பெரிய இடைவெளி. எங்களிடம் இருந்த மூன்று டேட்டாபேஸ்களையும் ஒரு மாதம் முன்பே வேறு சர்வருக்கு நகர்த்திவிட்டுத்தான் ஓஎஸ்ஸில் கை வைத்தோம். இரண்டு மாற்றத்தையும் ஒரே இரவில் செய்து, காலையில் ஏதாவது மெதுவாக ஓடினால், எதைச் சந்தேகிப்பது என்றே தெரியாது.

அப்ளிகேஷன் விற்றவர்களிடம் 'ரெல் 8-இல் ஓடுமா' என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்குங்கள். ஃபோனில் 'ஓடும் சார், பிரச்சினையே இல்லை' என்பது பதிலாகாது. புரோகிராம்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகமான ஜிலிப்சி 2.17-இலிருந்து 2.28-க்கும், குறியாக்க நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.2-இலிருந்து 1.1.1-க்கும் போகிறது. சரியாகக் கேட்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

முதலில் வெறும் ரீபூட்

இதை நான் எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. அப்கிரேடுக்கு இரண்டு வாரம் முன்பு, சர்வரை ரெல் 7.9-இன் கடைசிப் பேக்கேஜ்களுக்குக் கொண்டுவந்து, ஒரு தடவை ரீபூட் மட்டும் செய்யுங்கள்.

எங்கள் ஃபைல் சர்வர் ஒன்று 1,100 நாளுக்கு மேல் நிற்காமல் ஓடியிருந்தது. ரீபூட் செய்தோம். எழவில்லை. கன்சோலைத் திறந்து பார்த்தால் எமர்ஜென்சி மோடில் உட்கார்ந்திருந்தது. எப்போதோ கழற்றி எடுத்துவிட்ட ஸ்டோரேஜின் ஒரு வரி, எழும்போது எந்த டிஸ்கை மாட்ட வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அப்படியே இருந்திருக்கிறது. இல்லாத டிஸ்குக்காக ஒன்றரை நிமிடம் காத்திருந்து, அது வராததால் எழுவதையே நிறுத்திவிட்டது. அந்த ஒரு வரியை எடுத்ததும் எழுந்துவிட்டது. வேலை பத்து நிமிடம்தான். ஆனால் இதே விஷயம் அப்கிரேட் இரவில் நடந்திருந்தால், லீப்தான் கெடுத்துவிட்டது என்று நினைத்து, விடிய விடிய தப்பான இடத்தில் தேடியிருப்போம்.

வெறும் ரீபூட்டில் இன்னும் பல விஷயம் வெளியே வரும். யாரோ கையால் ஓட்டிவிட்டு, சர்வீஸாகப் பதியாமல் விட்ட ஜாவா புரோகிராம். கோப்பில் எழுதாமல் நேரடியாகப் போட்ட ரூட்டிங். ஃபயர்வாலில் தற்காலிகமாகத் திறந்து, பிறகு நிரந்தரமாகவே இருந்துவிட்ட போர்ட். இவை எல்லாம் உங்கள் பழைய கடன்கள். முன்கூட்டியே தீர்த்துவிடுங்கள்.

ரெட் ஹேட் தராத சரக்கு

லீப்புக்கு ரெட் ஹேட் கையெழுத்திட்ட பேக்கேஜ்கள்தான் தெரியும். வேறு இடத்திலிருந்து வந்தவற்றை அது ஏற்றாது. எபெல் என்ற வெளிக் களஞ்சியத்திலிருந்து போட்டவை, ஆன்டிவைரஸ், பேக்கப் ஏஜென்ட், மானிட்டரிங் ஏஜென்ட், விற்பனையாளர் கொடுத்த ஆர்பிஎம் பேக்கேஜ் எல்லாமே இந்த வகை. ஆர்பிஎம் கட்டளையிடம் எல்லாப் பேக்கேஜின் வெண்டர் பெயரையும் கேட்டு, ரெட் ஹேட் அல்லாதவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றில் ஒன்று வர வேண்டும்: முன்னாடியே நீக்குவது, அப்படியே விட்டுவைப்பது, அப்கிரேட் முடிந்ததும் ரெல் 8-க்கான பதிப்பைப் போடுவது. கெர்னலுக்குள் மாட்யூல் நுழைக்கும் ஆன்டிவைரஸை நான் எப்போதும் முன்னாடியே நீக்கிவிடுவேன்.

பேக்கேஜில் சேராத சரக்கு இன்னும் முக்கியம். குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் உள்ள ஸ்கிரிப்ட்களைத் திறந்து முதல் வரியைப் பாருங்கள். பைதான் என்று மட்டும் எழுதி, 2 அல்லது 3 என்று எண் போடாமல் இருந்தால் அது ரெல் 8-இல் ஓடாது. அங்கே எண் இல்லாத பைதான் கட்டளையே இயல்பாகக் கிடையாது. எங்கள் சர்வர்களில் இப்படி 31 ஸ்கிரிப்ட் இருந்தன. அதில் ஒன்று தினமும் இரவு 11 மணிக்கு வங்கிக்குப் போகும் பணப் பட்டியலைத் தயாரிப்பது. முதல் வரியில் 2 சேர்த்து, பைதான் 2 பேக்கேஜையும் தனியாகப் போட்டால் தற்காலிகமாக ஓடும். அந்த வங்கி ஸ்கிரிப்டை மட்டும் 3-க்கு மாற்றி எழுத வைத்தேன். அதைத் தற்காலிகமாக விட எனக்கு மனம் வரவில்லை.

லீப் என்ன சொல்கிறது

லீப் ப்ரீஅப்கிரேட் என்ற கட்டளை சர்வரின் ஓட்டத்தைத் தொடாமல் முழுவதும் சோதித்து ஓர் அறிக்கை கொடுக்கும். டிஸ்கின் வார் (/var) பகுதியில் கணிசமான இடம் கேட்கும், அதை மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்கிரேட் இரவுக்கு மூன்று வாரம் முன்பே ஓட்டுங்கள். அறிக்கையில் 'இன்ஹிபிட்டர்' என்று வருவது எதுவானாலும் அதைத் தீர்க்காமல் லீப் ஓர் அடி நகராது. நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்தவை இவை.

விர்ச்சுவல் மெஷின்களில் பாட்டா ஏசிபிஐ என்ற பழைய டிரைவர் ஏற்றப்பட்டிருக்கும், ரெல் 8-இல் அது கிடையாது. மாட்யூலை இறக்கிவிட்டால் போதும். எஸ்எஸ்ஹெச் கோப்பில் ரூட் லாகின் பற்றி வெளிப்படையான வரி எதுவும் இல்லாவிட்டால் நிற்கும். இரண்டு பதிப்புகளிலும் இயல்பு வேறு வேறு என்பதால், நீங்களே முடிவெடுத்து எழுது என்கிறது. நியாயம்தான். நெட்வொர்க் வழியாக மாட்டிய கோப்புறை (என்எஃப்எஸ் மவுண்ட்) இருந்தால் நிற்கும். அன்று இரவு கழற்றிவிட்டுப் பிறகு மாட்டலாம். ஒன்றுக்கு மேற்பட்ட நெட்வொர்க் கார்டுகள் ஈத்0, ஈத்1 என்ற பழைய பெயரில் இருந்தாலும் நிற்கும். இது மட்டும் சின்ன வேலை இல்லை. பெயர் மாற்றினால் ஃபயர்வால் விதி, மானிட்டரிங், சில சமயம் லைசென்ஸ் எல்லாம் அந்தப் பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

விர்ச்சுவல் இல்லாத, நிஜமான இரும்புச் சர்வர் என்றால் டிஸ்குகளை நிர்வகிக்கும் ரெய்டு கார்டைப் பாருங்கள். பழைய மாடல்கள் பலவற்றுக்கு ரெல் 8 ஆதரவை எடுத்துவிட்டது. புதுக் கெர்னலுக்கு டிஸ்கே கண்ணில் படாது. எங்கள் இரண்டு சர்வர்கள் இதனால்தான் பட்டியலிலிருந்து வெளியே போய், புதிதாகக் கட்ட வேண்டியவற்றில் சேர்ந்தன.

இன்ஹிபிட்டர் தீர்ந்ததும் அறிக்கையை மூடிவிடாதீர்கள். 'ஹை ரிஸ்க்' என்று வருபவை லீப்பை நிறுத்தாது, காலையில் உங்களை நிறுத்தும்.

திரும்பும் வழி

ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்தில் டிஸ்க் இருந்த நிலையின் பதிவு) எடுத்தாயிற்று, ஏதாவது ஆனால் திரும்பிவிடலாம் என்று சொல்லும்போது நாம் என்ன சொல்கிறோம் என்பதை உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நான் யோசிக்காத ஒரு தடவை நடந்தது இது.

ஆர்டர் எடுக்கும் அப்ளிகேஷன் சர்வர் ஒன்று. சனிக்கிழமை இரவு ஏற்றினோம். எல்லாம் நன்றாகப் போயிற்று. லேப்டாப்பிலிருந்து எல்லாப் பக்கத்தையும் திறந்து பார்த்தோம், டெஸ்ட் ஆர்டர் போட்டோம், ரிப்போர்ட் எடுத்தோம். நான்கு மணிக்குப் பயனர்களுக்குத் திறந்துவிட்டோம். 5:50-க்குக் கிடங்கிலிருந்து ஃபோன்.

"மேடம், ஸ்கேனர் ஒண்ணுகூட உள்ளே போக மாட்டேங்குது. வண்டி வரிசையா நிக்குது."

"எல்லா ஸ்கேனருமா தம்பி? புதுசா வாங்கினதும்?"

"புதுசு நாலும் போகுது மேடம். பழசு எதுவும் போகல."

பழைய கைக்கருவிகளுக்கு, இணைப்பைக் குறியாக்கும் டிஎல்எஸ் நெறிமுறையில் 1.0 மட்டும்தான் பேசத் தெரியும். ரெல் 8-இன் இயல்பான கிரிப்டோ (குறியாக்க) கொள்கை டிஎல்எஸ் 1.2-க்குக் கீழே எதையும் ஏற்காது. கதவைத் தட்டுகிறவன் பேசுவது புரியாமல் சர்வர் திறக்க மறுத்துக்கொண்டிருந்தது. சரி, திரும்பிவிடலாம் என்று ஸ்னாப்ஷாட்டைப் பார்த்தேன். முடியாது. நான்கு மணியிலிருந்து ஆட்கள் வெப் வழியாக ஆர்டர் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆர்டர்கள் அதே விர்ச்சுவல் மெஷினின் டிஸ்கில் கோப்புகளாக எழுதப்படுகின்றன. திரும்பினால் ஓஎஸ்ஸோடு சேர்ந்து அவையும் போய்விடும்.

கொள்கையை 'லெகசி'க்கு மாற்றி, சர்வீஸை மறுபடி தொடங்கியதும் ஸ்கேனர்கள் உள்ளே வந்தன. ஆனால் அந்தப் பதிலைக் கண்டுபிடிக்க 40 நிமிடம் ஆயிற்று. அந்த 40 நிமிடமும் என்னிடம் திரும்பும் வழி என்று ஒன்று இல்லவே இல்லை. நிஜமான பயனர் முதல் வரியை எழுதும் கணத்தில் ஸ்னாப்ஷாட் செத்துவிடுகிறது. அது எடுத்த இடத்தில் பட்டியலில் பச்சையாகத் தெரியும், ஆனால் பயன்படுத்த முடியாது.

அதன் பிறகு மாற்றியவை: டேட்டாவை ரூட் டிஸ்கிலிருந்து பிரித்துத் தனி டிஸ்கில் வைத்தோம். விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் விஎம்வேரில் அந்த டிஸ்கை 'இண்டிபெண்டன்ட்' என்று குறித்தால் ஸ்னாப்ஷாட்டில் சேராது. அப்போது ஓஎஸ்ஸை மட்டும் பின்னால் இழுக்கலாம், டேட்டா இருந்த இடத்தில் இருக்கும். அப்ளிகேஷனின் பதிப்பு மாறாமல் இருந்தால்தான் இது செல்லும். டேட்டா டிஸ்குக்குத் தனியாக பேக்கப் எடுத்தே ஆக வேண்டும். அப்புறம், பயனர்களுக்குத் திறப்பதற்கு முன், அந்தச் சர்வரோடு பேசும் ஒவ்வொரு வகைக் கருவியிலும் ஒன்றைக் கையில் எடுத்துச் சோதிப்பது. யார் யார் பேசுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள, வெப் சர்வரின் லாகில் டிஎல்எஸ் பதிப்பையும் எழுதச் சொல்லி இரண்டு வாரம் விட்டுப் பார்த்தோம். ஸ்கேனர் மட்டும் இல்லை, பழைய பிரிண்டர் ஒன்றும், எடை மேடையின் கம்ப்யூட்டரும் வந்து நின்றன.

இரும்புச் சர்வரில், லினக்ஸின் டிஸ்க் நிர்வாக ஏற்பாடான எல்விஎம்மின் ஸ்னாப்ஷாட் வைத்துக்கொள்ளலாம். இரண்டு விஷயம் கவனியுங்கள். பூட் பகுதி பெரும்பாலும் எல்விஎம்முக்கு வெளியே இருக்கும், அதைத் தனியாக நகலெடுங்கள். அடுத்தது அளவு: அப்கிரேட் புரோகிராம்கள் இருக்கும் யூஎஸ்ஆர் (/usr) பகுதியை ஏறக்குறைய முழுவதும் மாற்றி எழுதுகிறது. ஸ்னாப்ஷாட்டின் இடம் நிரம்பிவிட்டால் அது செல்லாததாகிவிடும். ரூட் 20 ஜிபி என்றால் ஸ்னாப்ஷாட்டுக்கும் 20 ஜிபி கொடுத்துவிடுவேன். இடத்தை மிச்சம் பிடிக்கும் சமயம் இது இல்லை.

ஒத்திகை

விர்ச்சுவல் மெஷின் என்றால் குளோன் எடுத்து, நெட்வொர்க் கார்டை நிஜ வேலை நடக்கும் வலையிலிருந்து பிரித்து, பேக்கேஜ் களஞ்சியத்துக்கு மட்டும் வழி விட்டு, அதில் முழு அப்கிரேடையும் ஒரு தடவை செய்து பாருங்கள். கையில் கடிகாரம் இருக்கட்டும். எங்கள் சாதாரணச் சர்வர் ஒன்றுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. லட்சக்கணக்கில் சின்னச் சின்னக் கோப்புகள் இருந்த ஒன்றுக்கு, எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாடு ஒவ்வொரு கோப்புக்கும் லேபிளிடுவதற்கு மட்டும் 50 நிமிடம். கோப்புகள் எத்தனை ஜிபி என்பதைவிட எத்தனை எண்ணிக்கை என்பதுதான் அந்த நேரத்தைத் தீர்மானிக்கிறது. ஒத்திகை பார்த்திருக்காவிட்டால் ஒன்றும் அசையாத திரையைப் பார்த்துப் பயந்து யாராவது பவரை அணைத்திருப்பார்கள்.

ஒத்திகையின் கடைசியில் திரும்பியும் பாருங்கள். ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பி, அப்ளிகேஷன் எழுகிறதா என்று பார்த்து, அதற்கும் நேரம் குறியுங்கள். எங்களுக்கு 35 நிமிடம். இந்த எண் இல்லாமல் அடுத்த பகுதியை எழுதவே முடியாது.

அந்த இரவின் தாள்

தாளைக் கீழிருந்து மேலாக எழுதுங்கள். காலை 6 மணிக்குக் கிடங்கு திறக்கிறது. நிஜக் கருவிகளில் சோதிக்க ஒரு மணி நேரம். திரும்ப 35 நிமிடம், தடுமாற்றத்துக்குச் சேர்த்து ஒன்றரை மணி நேரம் என்று வையுங்கள். ஆக, திரும்புவதா இல்லையா என்று முடிவெடுக்கும் நேரம் 3:30. அதற்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை. முடிவெடுப்பவர் ஒரே ஒருவர், அவர் பெயர் தாளின் தலையில் இருக்க வேண்டும். 3:25-க்கு 'இன்னும் பத்து நிமிஷம் கொடுங்க, கிட்டத்தட்ட முடிஞ்சுது' என்ற குரல் நிச்சயம் வரும். சொல்பவர் திறமைசாலியாகவும் இருப்பார். அதனால்தான் நேரத்தைப் பகலில், எல்லோரும் தூங்கி எழுந்த முகத்தோடு இருக்கும்போதே எழுதிவைக்கச் சொல்கிறேன்.

ஐடிராக், ஐஎல்ஓ போன்ற தொலைநிலைக் கன்சோலுக்கு முந்தின நாளே லாகின் செய்து பாருங்கள். இரவு 11 மணிக்குப் பாஸ்வேர்டு தேட வேண்டிய நிலைமை பரிதாபமானது. கட்டளையை டீமக்ஸுக்குள் ஓட்டுங்கள், இணைப்பு அறுந்தாலும் வேலை ஓடும். அதே வேலைக்கு ஸ்கிரீன் என்ற கருவியைப் பழகியவர்கள் இப்போதே டீமக்ஸுக்குப் பழகிக்கொள்ளலாம், ரெல் 8-இல் ஸ்கிரீன் இல்லை.

அப்ளிகேஷனை நிறுத்தி, மெஷினை அணைத்து ஸ்னாப்ஷாட் எடுத்து, மறுபடி எழுப்பி, லீப் அப்கிரேட். அது பேக்கேஜ்களை இறக்கித் தயார் செய்ததும் நீங்கள் ரீபூட் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் கன்சோலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. தானாகவே மேலும் சில தடவை ரீபூட் ஆகும். நடுவில் எஸ்எஸ்ஹெச் வேலை செய்வது போலத் தெரிந்தாலும், லீப்பின் கடைசிக் கட்டம் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். அது முடியும்வரை எதையும் தொடாதீர்கள்.

எழுந்த பிறகு

கெர்னல் 4.18 என்று காட்டுகிறதா, தோற்றுப்போன சர்வீஸ் ஏதும் உண்டா, நேரம் சரியாக இருக்கிறதா (என்டிபி இருந்த இடத்தில் இப்போது க்ரோனி) என்பவை இரண்டு நிமிட வேலை. பலரும் மறப்பது எஸ்இலினக்ஸ். லீப் அதை 'பெர்மிஸிவ்' (தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும்) நிலையில் விட்டுவிடும். அந்த நிலையில் எல்லாமே ஓடும், அதனால் யாருக்கும் தெரியாது. லாகில் மறுப்பு எதுவும் வரவில்லை என்று பார்த்து, அன்றைக்கே 'என்ஃபோர்ஸிங்' நிலைக்குத் திருப்புங்கள். எங்கள் முதல் நான்கு சர்வர்களில் இது ஒரு மாதம் அப்படியே கிடந்தது, ஆடிட்டர்தான் கண்டுபிடித்தார்.

பெயரில் ஈஎல்7 என்று முடியும் பேக்கேஜ்கள் மிச்சம் இருந்தால் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து நீக்குங்கள். உங்கள் தாளில் 'விட்டுவைப்பது' என்று எழுதியவை மட்டும்தான் இருக்க வேண்டும். அப்கிரேட் சில இடங்களில் பழைய கான்ஃபிக் கோப்பை வைத்துக்கொண்டு புதியதைப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போயிருக்கும், அவற்றையும் ஒப்பிட வேண்டும். அது சலிப்பான வேலை, பகலில் செய்யலாம்.

ரெல் 8-க்குப் பராமரிப்பு 2029 மே 31 வரை. அதனால் 9-க்கு ஓடும் அவசரம் இல்லை. போவதென்றால் ஒன்றை இப்போதே பாருங்கள்: 9-க்கு எக்ஸ்86-64-வி2 தரமுள்ள சிபியு வேண்டும். விர்ச்சுவல் மெஷின்களுக்குப் பழைய சிபியு போலக் காட்டும் கிளஸ்டர் அமைப்பு உங்களிடம் இருந்தால், ஹோஸ்ட் புதிதாக இருந்தும் உள்ளே ரெல் 9 எழாது.

கடைசியாக ஸ்னாப்ஷாட். விஎம்வேர் அதை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம் என்கிறது, டிஸ்க் இடமும் வேகமும் கெடும். நான் செவ்வாய்க்கிழமை மாலை நீக்குவேன். திங்களின் வேலை நெரிசல், செவ்வாயின் நெரிசல் இரண்டும் முடிந்திருக்கும். ஆனால் மாதக் கடைசிக் கணக்கு முடிக்கும் வேலை அதற்குள் வராது என்பதால், அதற்காக டேட்டா பேக்கப் ஒன்றையும் பழைய ரூட் டிஸ்கின் நகலையும் 45 நாள் தனியாக வைத்திருப்போம். அந்த நகலின் பெயரிலேயே அழிக்க வேண்டிய தேதியையும் எழுதிவிடுங்கள்.